முனிரத்னாக்காவுக்கு நான் எழுதிய பிறந்தநாள் கார்டு

கார்டைத் திறந்தாலே விரலெல்லாம் ஜிகினா ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் போகாது... ஷிப்ட் முடிகிற வரைக்கும் கையில் மினுமினுக்கும்.

பத்து வருடம் முன்பு ஓசூரில், வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் இருந்தேன். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஆபீஸிலிருந்து ஒரு கேக்கும் ஒரு கார்டும் வரும். கார்டில் எழுதுவது நான்தான். கையெழுத்து மணிமணியாக இருக்கிறது என்று ஆளாளுக்கு ஏற்றிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

ஜூன் முதல் வாரத்தில் மட்டும் எங்கள் அசெம்பிளி லைனில் ஒன்பது பேருக்குப் பிறந்தநாள் வரும்! எல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதி. சர்டிபிகேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கம்பெனிக்கு.

வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வரும் முனிரத்னாக்கா அந்த வருடம்தான் சேர்ந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் டிபனில் பாதி எனக்குத்தான். அவருக்கு நல்லதாக எழுத வேண்டும் என்று ஒரு டீ பிரேக் முழுக்க யோசித்தேன். அவர் தெலுங்கு மீடியம், தமிழ் வாசிக்க வராது. எல்லோர் முன்னாலும் நானே சத்தமாக வாசித்தேன்.

"இந்த நாள் ஆயிரம் தடவை திரும்பி வரணும் அக்கா. வர்றப்பல்லாம் நீங்க சிரிச்சிட்டே இருக்கணும்."

ஒரே கைதட்டல். அக்கா கேக் வெட்டினார். "நல்லா எழுதிக்கிற கண்ணு" என்று சொல்லி, கார்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஏறும்போது அவர் ஊர்க்கார அக்கா ஒருவர் என் காதோரம் சொன்னார். "போன வருசம் இதே தேதிதான் அவ பையன் ஏரில வுழுந்து செத்தான்."



மறுநாள் முனிரத்னாக்காவிடம் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"உனுக்கு எப்டித் தெரியும் கண்ணு? அது வாத்தியாரு போட்ட தேதி. அவன் ஏன் அந்தத் தேதில போவணும்?" என்றார். பிறகு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இப்போது யார் கார்டு வாங்குகிறார்கள்? அந்தத் தேதி வந்தால் பழைய லைன் வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலேயே கேக் படங்கள் வந்து விழும். அக்காவும் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடுவார். நான் எதுவும் போடுவதில்லை. மதியம் போன் செய்வேன். "சாப்டிங்களாக்கா?" "ஆச்சு கண்ணு." அவ்வளவுதான் பேச்சு.

இந்த வருடம் அவரே சொன்னார். "இருந்திருந்தா இப்ப காலேஜ் போயிருப்பான், இல்ல?"

"என்ன படிச்சிருப்பான்க்கா?" என்று கேட்டேன்.

அரைமணி நேரம் பேசினார். பையன் பேர் கிரண். பத்து வருடம் கழித்து எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.