முன்னால் பார்த்த முகம்

வண்டியின் உருவம் மாறினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இன்னும் வெளிவராத உருவத்தைப் பார்த்தவர் யாருக்குத் தெரிவிப்பது என்று விதியில் இல்லை.

வடகரப்பதிப் பக்கம் நான் வாகன ஆய்வாளராக இருந்தபோது, ஒரு தோப்புக்காரரின் டிரைவர் சோதனைச் சாவடி டீக்கடைக்கு வருவார். மெலிந்தவர், அதிகம் இமைக்காத கண்கள். காரைச் சாலையைப் பார்த்து நிறுத்தவே மாட்டார், சுவரைப் பார்த்துத்தான். சாலையெங்கும் சீறிப் பாய்ந்த வேறொரு நாலு கதவுக் காரின் முகத்தைக் கம்பெனி மாற்றப்போவதாக அப்போது ஒரே பேச்சு.

"சதுர விளக்குத்தான் வருமாமுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

"இல்லீங்க. ரெட்டை விளக்கு. நடுவுல பல்லைக் காட்டற மாதிரி கம்பி. இடது பக்கம் எரியாதுங்க" என்றார் டிரைவர்.

"ஏனுங்க, உங்களைக் கேட்டுட்டுத்தான் பல்பு போடறானுங்களா?"

நான் சிரித்துக்கொண்டே, "எங்கே பார்த்தீங்க?" என்றேன்.

"முன்னால பாத்தனுங்க சார்."

முன்பு எப்போதோ என்று எடுத்துக்கொண்டேன். மாடல் மாறுகிறதா என்று முறைப்படி கம்பெனிக்கும் எழுதிக் கேட்டேன்.

மறுவருஷம் புது மாடல் வந்தது. வளைவொன்றில் அது அவர் காரில் நேருக்கு நேர் மோதியது, அவர் பிழைக்கவில்லை. ஆய்வுக்குப் போனேன். இரட்டை விளக்கு, பல்லைக் காட்டும் கம்பி. இடது பல்பு மோதலுக்கு முன்பே கருகியிருந்தது. முன்னால் என்றால் எதிரே என்றும் அர்த்தம்.

மாடலை மாற்றும் உத்தேசம் தற்போது இல்லை என்று கம்பெனியின் பதில் வந்தது, அவருடைய கருமாதி அன்று.