பவுடர் துடைத்த துவாய்

அந்த நீலத் துவாயில் என் முகத்துப் பவுடர் வெள்ளைத் திட்டாகப் படிந்திருந்தது. டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு சின்ன ஸ்டூடியோ. கலியாணப் பேச்சுக்குப் படம் எடுக்க அம்மா என்னைக் கூட்டிப்போயிருந்தார். "பிள்ளை கொஞ்சம் வெள்ளையா விழவேணும் எண்டு சொல்லு" என்றார். டேனிஷில் சொன்னேன். யாரிடம்? அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய, என்னைவிடக் கறுப்பான படக்காரரிடம்.

அவர் கோபிக்கவில்லை. முகத்தைத் துடைக்கத் துவாயைத் தந்தார். சிகாகோவில் அவருடைய தகப்பனாருக்கும் ஸ்டூடியோ இருந்ததாம். அந்தக் காலத்துப் பிலிம் வெள்ளைத் தோலுக்கென்றே செய்தது. வேறு கடைகளில் கறுப்பர்களின் முகம் கரியாகத்தான் விழும். பத்திரிகையில் அவர்கள் படம் வருவதும் பொலிஸ் பிடித்தால்தான். அதனால் ஞாயிறு தேவாலயம் முடிந்ததும், நல்ல தொப்பியும் கோட்டுமாய்த் தகப்பனாரிடம் வரிசையில் நிற்பார்களாம். "நானும் வெளிச்சத்தை மாற்றுவேன், முகத்தை மாற்ற மாட்டேன்" என்றார் படக்காரர்.

எடுத்த படத்தைப் பார்த்து அம்மா, "இதை அனுப்பினா ஆர் வருவினம்?" என்றார். வேறு கடைக்குப் போனோம். கலியாணமும் நடந்தது.

ஸ்டூடியோவை மூடியபின் படக்காரரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இந்த வருடம், எண்பது கடந்த வயதில், கோப்பன்ஹேகனில் அவருக்குப் பெரிய கண்காட்சி. என் படத்தை வைக்க அனுமதி கேட்டார்கள். மகளோடு போனேன். தொப்பி வைத்த தேவாலயப் பெண்மணிக்கும் சாக்ஸபோன் வாசிப்பவருக்கும் நடுவில் நான், கன்னம் மினுங்க. "அம்மா, எவ்வளவு வடிவு! ஏன் இது எங்கட வீட்டில இல்லை?" என்றாள் மகள். அவளுக்கும் என் நிறம்தான்.

சக்கர நாற்காலியில் இருந்த படக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகளையும் தன்னையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதை அவருக்குக் காட்ட மகள் என் போனை வாங்கி நீட்டினாள். விரல் தவறி, அவளுக்குச் சம்பந்தம் பார்க்கச் சொல்லி காலையில் கனடா மாமிக்கு நான் அனுப்பிய படம் திறந்துகொண்டது. அதில் அவள் முகத்தை நான் வெளுப்பாக்கியிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

படக்காரருக்குக் கண் மங்கல். போன் கண்ணாடியில் ஏதோ வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்று நினைத்தார் போலும். சட்டைக் கையால் திரையை மெதுவாகத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் என் முகம் பளிச்சென்று இருந்தது. எனக்குத்தான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.