ஒரே களத்தில் காய்ந்த மண்

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறு நாற்பதுக்குச் சேலத்திலிருந்து கிளம்பி, எட்டு ஐந்துக்கு ஏற்காடு மலைமேல் ஒரு காவல் நிலையத்தில் இருந்தேன். தடய அறிவியல் ஆய்வகத்தின் சார்பில், மண் மாதிரி எடுப்பது எப்படி என்று காவலர்களுக்குச் சொல்லித் தருவது என் வேலைகளில் ஒன்று. அன்றைய வகுப்பு கால்மணி நேரம்கூட நடக்கவில்லை.

காரணம் அங்கிருந்த ஏட்டையா, எஸ்டேட் குடும்பத்துப் பிள்ளை. வாழவந்தி வளைவில் ஒருவரை இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போன ஜீப் வழக்கில் மண் எடுத்து அனுப்பியவர் அவர்தான். பிடிபட்ட நாகலூர் ஓட்டுநர், தான் அந்தப் பாதைக்கே போகவில்லை என்றார். அவர் ஜீப்பில் ஒட்டிய மண் ஒரு பொட்டலம், வளைவின் மண் ஒரு பொட்டலம். இரண்டையும் அணு உலைக்கு அனுப்பி நியூட்ரான்களால் தாக்கச் செய்தோம். அப்போது மண்ணிலுள்ள தனிமங்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய காமாக் கதிரை வெளியிடும். அதை அளந்தால், துளியினும் துளியாகக் கலந்திருக்கும் ஸ்காண்டியமும் லாந்தனமும்கூடத் தெரிந்துவிடும். இரண்டு மண்ணும் அச்சு அசலாகப் பொருந்தின. முந்தைய வாரம்தான் அறிக்கையில் கையெழுத்திட்டிருந்தேன். ஓட்டுநர் சிறையில் இருந்தார்.

"ஈரமா அனுப்பாதீங்கன்னு நீங்கதானுங்க மேடம் எழுதியிருந்தீங்க," என்று ஏட்டையா பெருமையோடு எழுந்தார். "நொம்ப ஈரமுங்க. மச்சான் எஸ்டேட்டுக் களத்துல கொட்டி, காப்பிக்கொட்டையாட்டம் பலகையில தள்ளித் தள்ளிக் காய வெச்சனுங்க. ரெண்டே வெயிலு, மொறுமொறுன்னு ஆயிருச்சு."

"இரண்டையும் ஒரே களத்திலா?"

"நடுவுல கோடு போட்டிருந்தனுங்களே!"

"பலகை?"

"ஒண்ணுதானுங்க. மண்ணைத் தள்ள ரெண்டு பலகை கேட்டா மச்சான் சிரிப்பானுங்க."

பின்வரிசைக் காவலர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. கோபம் அவர்மேல் மட்டும் என்றால் எளிதாக இருந்திருக்கும். எங்கள் சுற்றறிக்கையில் 'தனித்தனியாக' என்ற சொல் இல்லை. போதாக்குறைக்கு, இரண்டு பொட்டலங்களிலும் காப்பித்தோல் துணுக்குகள் இருந்ததை என் குறிப்பேட்டில் நானே எழுதியிருந்தேன். மலை மண், இருக்கத்தானே செய்யும் என்று கடந்துவிட்டேன். இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. தாக்கியது நியூட்ரானாக இருந்து என்ன, மண்ணைக் கலந்தது ஒரு பலகை.

வெளியே பெஞ்சில் ஓட்டுநரின் மனைவி உட்கார்ந்திருந்தார். "ஏனுங்கம்மா, மண்ணே பேசும்னாங்க. எங்கூட்டுக்காரரப் பத்தி என்னங்க சொல்லுச்சு?"

"இன்னும் ஒன்றும் சொல்லவில்லை," என்றேன்.

நல்லவேளை, கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற ஜீப்பை யாரும் கழுவவில்லை. மட்கார்டின் உட்புறத்தில் பழைய சேறு அப்படியே இறுகிக் கிடந்தது. நான் சுரண்டினேன், ஏட்டையா டார்ச் பிடித்தார். பிறகு வளைவுக்குப் போய் அங்கேயும் எடுத்தேன். திரும்பும் வழியில் ஏட்டையா மெதுவாகக் கேட்டார்:

"நடந்ததை எழுத்துல குடுத்தா எனக்கு மெமோ வருமுங்களா?"

"வரும். எனக்கும் வரும்."

நிலையத்தில் இறங்கியதும் அவர் தாள் கேட்டு வாங்கி, பலகை உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தைத் திறந்ததும், புதிய பொட்டலங்களைத் தொடுமுன், முதல் வேலையாக என் அறிக்கையை நானே திரும்பப் பெறும் கடிதத்தை நீதிமன்றத்துக்கு எழுதினேன். காரணம் என்ற இடத்தில்: 'மாதிரிகள் கலந்துவிட்டன. அதற்கான அடையாளம் கண்ணில் பட்டும் நான் பொருட்படுத்தவில்லை.'