மேப்புக்கு ஒரு பெயர் வேண்டும்

இன்று விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண், காட்டுத் தேனீக்கள் இருக்கும் இடங்களையெல்லாம் போனில் ஒரு மேப்பில் குறித்துக்கொண்டே வந்தாள். அவற்றைக் காப்பாற்றத்தானாம்.

எனக்கு அறுபதுகள் ஞாபகம் வந்தன. அப்போது திண்டிவனத்தில் ஒரு விவசாய ஆபீஸில் நான் குமாஸ்தா. எங்கள் அதிகாரி இதே வேலையைச் சைக்கிளில் சுற்றிச் செய்தார். மேல்சித்தாமூர் வரை போய், பூசணிப் பூவிலும் எள்ளுப் பூவிலும் வந்து உட்காரும் தேனீ, வண்டு எல்லாம் பார்த்து, மேப்பில் சிவப்புப் புள்ளி வைத்தார். இவை இல்லாவிட்டால் காய் பிடிக்காது என்பார். தன் கையாலேயே தலைப்பு எழுதிச் சுவரில் மாட்டினார்: "பூச்சிகள் அதிகம் உள்ள இடங்கள்."

அவர் லீவில் இருந்தபோது பூச்சி மருந்து அடிக்கும் ஜீப் வந்தது. கூட வந்த மேஸ்திரி சுவரைப் பார்த்தார்.

"யாருங்க இது, நம்ம வேலைய பாதி முடிச்சி வெச்சிகிறாரு?"

"அது நல்ல பூச்சிங்க" என்றேன்.

"பூச்சில இன்னாங்க நல்லது, கெட்டது?"

மேப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒரு புள்ளியையும் விடவில்லை.

அதிகாரி திரும்பி வந்ததும் மேஸ்திரியே வந்து மேப்பைக் கொடுத்தார். "இது இல்லன்னா ஊர் ஊரா தேடிக்கினு ஒரே பேஜாரா போயிருக்கும் சார்."

அந்த வருஷம் பூசணி பூத்ததோடு சரி.

"மேப்புக்கு என்ன பேரும்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"பூச்சி மேப்புன்னு வெக்கலாம்னு இருக்கேன் தாத்தா."

வேறு பெயர் தோன்றுகிறவர்கள் கீழே எழுதுங்கள். மருந்து அடிக்கிறவர்களுக்குப் புரியாததாக இருந்தால் நல்லது.