பொன்செல்வி காவல் நின்ற பொட்டல்

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, தெற்கே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் பொன்செல்வியின் ஊர். அவள் உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். ஊருக்குப் பின்னால் அறுபது ஏக்கர் பொட்டல். உழவுக்கு ஆகாத சரளை மண். ஆடு மேயும், ஆவாரை பூக்கும், கல் இடுக்கெல்லாம் நன்னாரிக் கொடி ஓடும். அந்த வேரைத் தோண்டிக் காயவைத்து, சங்கரன்கோவிலில் நஜ்முதீனின் நாட்டு மருந்துக் கடையில் கொண்டு போடுவதுதான் ஊரில் பதினெட்டுப் பெண்களுக்குப் பிழைப்பு.

ஆறு ஏழு வருடம் முன்பு நஜ்முதீன் ஒரு கட்டு வேரை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

“என்ன தங்கச்சி, வேர் நூல் கணக்கா இருக்கு? பிஞ்சிலேயே பிடுங்குனா இப்படித்தான். இன்னும் ரெண்டு வருசத்துல உங்க பொட்டல்ல ஒண்ணும் இருக்காது.”

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. லட்சுமிப்ரியா என்ற பெண் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டாள். மூலிகையை ஊரே சேர்ந்து காக்க வேண்டும், விதியை வெளியாள் சொல்லக் கூடாது, நீங்களே போட வேண்டும் என்றாள். பெண்கள் மூன்று நாள் பேசி விதி போட்டார்கள். தை பிறந்து காய் வெடித்து விதை பறந்த பிறகுதான் தோண்டுவது. மூன்று கொடிக்கு ஒன்றை விட்டுவைப்பது. வேரை எடுத்ததும் கொடியின் தலையைத் திரும்ப மண்ணில் புதைப்பது. மீறினால் ஒரு வருடம் பொட்டலுக்குள் கால் வைக்கக் கூடாது.

பொன்செல்வியைத் தலைவியாக்கினார்கள். படிப்பு எட்டாம் வகுப்புதான். ஆனால் யார் வந்து சத்தம் போட்டாலும் பதிலுக்கு நிற்பாள்.

இரண்டாவது வருடம் கார்த்திகையில் அவளுடைய அண்ணன் இசக்கித்துரை டிராக்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். தென்காசியில் கம்பி வைத்தார்கள். வீட்டில் அடுப்பு எரிவதே பாடாகிவிட்டது. பத்து நாள் கழித்து, நல்ல மத்தியானத்தில், பொட்டலின் மேற்குக் கோடியில் யாரோ குனிந்திருப்பதைப் பார்த்துப் பொன்செல்வி போனாள். அண்ணன் மனைவி முத்துமாரியம்மாள் மண்வெட்டியோடு நின்றாள். பக்கத்தில் சாக்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது.

“மதினி, என்ன காரியம் செய்யுதிய?”

“தெரியாத மாதிரி கேக்காத. உங்க அண்ணன் வலியில கெடந்து கத்துதாவ. தை வரைக்கும் நான் என்ன செய்ய?”

“கேட்டிருந்தா நாங்க எல்லாரும் ஏதாவது சேத்துக் குடுத்திருப்போம்லா?”

“பதினெட்டு வீட்டுல போய்க் கையேந்தச் சொல்லுதியா? இது நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து தோண்டுத மண்ணு. பாக்காத மாதிரி போயிரு பொன்செல்வி.”

பொன்செல்வி போகவில்லை. சாக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். பின்னால் மதினி அழுதுகொண்டே வந்தாள். தெருவே பார்த்தது.

அன்று சாயங்காலம் கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்கள், “கஷ்டத்துல செஞ்சிட்டா, இந்த ஒரு தடவ விட்டுருவோம்” என்றார்கள். பொன்செல்விதான் ஒப்பவில்லை.

“எங்க அண்ணன் பொண்டாட்டிக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? நாளைக்கு உங்கள நான் எந்த வாயால கேப்பேன்?”

ஒரு வருடம் என்று முடிவானது. அன்று தனக்குப் பெருமையாகத்தான் இருந்தது என்பதைப் பொன்செல்வி இன்றும் மறைப்பதில்லை.

முத்துமாரியம்மாள் புளியங்குடிக்கு எலுமிச்சை தரம் பிரிக்கப் போனாள். வருடம் முடிந்த பிறகும் பொட்டலுக்குத் திரும்பவில்லை. இசக்கித்துரையின் கால் கோணலாகக் கூடியது. அடுத்த சித்திரையில் அவர்கள் மகள் சுகிர்தா ஆளானாள். சடங்குக்கு அத்தைக்குச் சொல்லி விடவில்லை. அடுத்த தெருவில் ரேடியோ செட் பாடியது. பொன்செல்வி சீர் கொடுக்க எடுத்து வைத்திருந்த பட்டுப் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு பகல் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

பொட்டல் மட்டும் தழைத்தது. நான்காவது வருடம் வேர் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்தது. நஜ்முதீன் ஒன்றை ஒடித்து மோந்து பார்த்து, “இப்படி ஒரு வாசம் பார்த்து எத்தனை வருசமாச்சு!” என்றார். மதுரையிலிருந்து வந்து படம் எடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டிதழ் ஒன்றும் கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த ஆவணியில் பொட்டலை அளந்து எல்லைக்கல் நட்டார்கள். அரசாங்கம் அதைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டாகிவிட்டதாம்.

பொன்செல்வி பத்துப் பெண்களோடு திங்கட்கிழமை மனு கொடுக்கத் தென்காசி கலெக்டர் ஆபீஸ் போனாள். பாராட்டிதழையும் சேலையில் சுற்றி எடுத்துப் போனாள். அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார்.

“நிலம் கணக்குல தரிசுன்னு இருக்கும்மா. மூலிகைன்னு எங்கேயும் இல்ல. உங்க குழுவுக்கு இந்த இடத்துல உரிமை இருக்குன்னு ஏதாவது உத்தரவு வச்சிருக்கீங்களா?”

பாராட்டிதழை நீட்டினாள். அவர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்து லட்சுமிப்ரியாவுக்குப் போன் போட்டாள். அவள் வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தாள். “உரிமைக்கு எழுதிப்போடணும்னு இருந்தோம்க்கா. அதுக்குள்ள திட்ட காலம் முடிஞ்சிட்டு. எனக்கே என்ன சொல்லன்னு தெரியல” என்றாள். அழுகிற மாதிரி இருந்தது. பொன்செல்வி போனை அணைத்துவிட்டாள்.

நிலத்தைச் சமப்படுத்த மிஷின் வர நான்கு நாள் இருந்தது. பெண்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

“தோண்டிருங்க. ஒண்ணும் விடாண்டாம்” என்றாள்.

பிறகு, மூன்று வருடத்துக்குப் பின் முதல் தடவையாக, அண்ணன் வீட்டுக்குப் போனாள். முத்துமாரியம்மாள் வேலை விட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“மதினி, நாளைக்குப் பொட்டலுக்கு வாங்க. எல்லாரும் தோண்டுதோம். உங்களுக்கும் பங்கு இருக்கு.”

முத்துமாரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். “காய் வெடிச்சிட்டா?”

இல்லை என்று பொன்செல்வி தலையை ஆட்டினாள்.

“இன்னும் புரட்டாசி கூட வரலியே. நான் வரல. போ.”

மூன்று நாளில் பொட்டல் குழி குழியாகிவிட்டது. முதல் நாள் பெரிய வேராகப் பார்த்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் கையில் அகப்பட்டதை எல்லாம் இழுத்தார்கள். பொன்செல்வியும் இழுத்தாள். நான்காம் நாள் மிஷின் வந்து மிச்சத்தைச் சமப்படுத்தியது.

போன வருடம் தேனிப் பக்கம் ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே சில மலையடிவாரக் கிராமங்களில் மூலிகைக் குழு தொடங்குகிறார்களாம். அனுபவம் உள்ளவர் வந்து சொன்னால் நல்லது என்றார்கள். முதலில் மாட்டேன் என்றவள், பிறகு என்ன நினைத்தாளோ, போனாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னாள்.

“விதியெல்லாம் நல்லா போடுவிய. எங்களவிட நல்லாவே போடுவிய. ஆனா அதுக்கு முன்னால நிலம் யாரு பேர்ல இருக்குன்னு கேளுங்க. எழுத்துல வாங்குங்க. அது கையில வந்த பொறவு உங்க மதினிமாருகிட்ட சண்டை போடுங்க.”

ஏற்பாடு செய்தவர்களுக்கு முகம் வாடிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“உங்க மதினி இப்போ பேசுறாங்களாக்கா?”

“இல்ல” என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ் ஏறினாள்.