எறும்பு வராத மூலை

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, வயிற்றில் ஐந்து மாதம். ராயபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, காத்திவாக்கத்தில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பு டீச்சர். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. நான் ஓர் அதட்டல் போட்டால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

பள்ளிக்கூடம் அந்த இடத்துக்கு மாறி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அது ஏதோ ஒரு கம்பெனியின் கிடங்கு. துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கி வைப்பார்களாம். என்ன மூட்டை என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. ஒழுகாத கூரை, சுற்றுச்சுவர், பிள்ளைகள் ஓடியாட மைதானம் எல்லாம் கிடைத்த சந்தோஷத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

மைதானத்தில் ஒரு மூலையில் மட்டும் புல் முளைக்காது. எறும்பும் வராது. மற்ற இடங்களில் பிள்ளைகள் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்தால் போதும், எங்கிருந்துதான் வருமோ, எறும்பு மொய்த்துவிடும். அதனால் என் வகுப்புப் பிள்ளைகளை மத்தியானம் அந்த மூலையில்தான் வரிசையாக உட்கார வைப்பேன். சுவர் நிழலும் உண்டு. நல்ல இடமாகக் கண்டுபிடித்தாய் என்று தலைமை ஆசிரியை என்னைப் பாராட்டக்கூடச் செய்தார். எறும்புகூட ஒதுங்கிப் போகிற இடத்தில் ஏன் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம் என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

அடுத்ததைச் சொல்ல இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது. மசக்கையில் சிலருக்குப் புளிப்பு பிடிக்கும், சிலர் சாம்பலைத் தின்பார்கள். எனக்கு மண். அதுவும் கண்ட மண் இல்லை, அந்த மூலை மண். ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் பூசணமும் ஈரமும் கலந்து ஒரு வாசனை வருமே, அது அந்த மண்ணில் இருந்தது. மழை பெய்து ஓய்ந்தால் தூக்கலாக அடிக்கும். எனக்கு நாக்கில் நீர் ஊறும். மண்வாசனை என்றே நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பிள்ளைகள் போனதும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். சில நாள் ஒரு சிட்டிகை நாலாகும்.

என் வகுப்பில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா உப்பங்கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். அந்தப் பெண்ணுக்கும் மண் தின்கிற பழக்கம். ஒரு சாயங்காலம் மறந்துபோன சிலேட்டை எடுக்கத் திரும்பி வந்தவள், நான் குனிந்து மண்ணை எடுத்து வாயில் போடுவதைப் பார்த்துவிட்டாள். சிலேட்டைக்கூட எடுக்காமல் ஓடிப்போனாள். மறுநாள் மத்தியானம் அவளே மண்ணை வாயில் போடுவதை நான் பிடித்தேன். எல்லார் முன்னாலும் முட்டி போட வைத்து, வயிற்றில் புழு வைக்கும் என்று கத்தினேன். முந்தின சாயங்காலம் அவள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினேன் என்று இப்போது புரிகிறது.

சில வாரங்கள் கழித்து, பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்ட அந்த மூலைக்குச் சற்றுத் தள்ளி இரண்டு ஆட்கள் குழி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழம் போனதும் மண்வெட்டியில் மக்கிப்போன சாக்கு மாட்டியது. உள்ளே கட்டி கட்டியாகச் சாம்பல் வெள்ளைத் தூள். வெட்டிக்கொண்டிருந்தவர் மேலே ஏறி வந்து வாந்தி எடுத்தார். கைகால் வெடவெடவென்று ஆடியது.

வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அந்த நெடி வந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. தினமும் நாக்கு ஊறுகிற அதே வாசனைதான், மூக்கைப் பிடுங்குகிற அளவுக்குக் கூடியிருந்தது. பாடத்தை அப்படியே விட்டுவிட்டுக் குழியடிக்கு ஓடினேன்.

கூடக் குழி வெட்டிய பெரியவர் முன்பு அதே கிடங்கில் மூட்டை தூக்கியவராம். தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா டீச்சரம்மா, பசங்கள இங்க வச்சிகினு கீறீங்க! இது பயிருக்குப் போடுற பூச்சி மருந்து. மழைல நனைஞ்சி கெட்டுப்போன மூட்டைய எல்லாம் இங்கதான் பொதைச்சோம்."

மறுநாள் ஒரு சுகாதார அதிகாரி வந்தார். குழியைப் பார்த்துவிட்டு, சாக்குகளை எடுத்து, குழியைச் சுற்றி ஐந்தடிக்கு மண்ணை அள்ளிவிட்டுப் புது மண் போட்டால் போதும் என்றார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளில் யாருக்காவது மண் தின்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். என் வகுப்பில் யாரும் இல்லை என்றேன். என் பெரிய குரல் எனக்கே கேட்காத அளவுக்கு வந்தது. அவர் வகுப்புக்குள்ளும் வந்து பிள்ளைகளிடம் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள். அன்றே பள்ளிக்கு லீவு விட்டுவிட்டார்கள்.

ஏன் மறைத்தேன் என்றால், பயம். அந்தக் காலத்தில் ஒருத்தி பூச்சி மருந்து சாப்பிட்டாள் என்றால் ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான். ஐந்து மாதக் கர்ப்பிணி சாப்பிட்டாள் என்றால் கேட்கவே வேண்டாம். புருஷன் என்ன கொடுமை செய்தானோ, மாமியார் என்ன சொன்னாளோ என்று தெருவே கதை கட்டிவிடும். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னால் அவள் என்னைப் பற்றிச் சொல்லிவிடுவாள். இதுதான் என் கணக்கு.

இரண்டு நாள் வீட்டில் நடைப்பிணமாக இருந்தேன். அதுவரை லேசாகத் துடித்துக்கொண்டிருந்த குழந்தை அசையவே இல்லை. மாதா கோயிலில் போய் முட்டி போட்டேன். ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையிலிருந்து பாதியில் ஓடி வந்துவிட்டேன். உனக்கு என்ன ஆச்சு என்று கணவர் கேட்டபோதெல்லாம் தலைவலி என்றேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, செத்த குழந்தையைத்தான் சுமக்கிறேனோ என்று நடுங்கிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் குழந்தை ஒரு முறை உதைத்தது. எனக்கு உயிர் வந்தது. அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே அந்தப் பெண் தலையாட்டிய முகம் கண் முன்னால் வந்து நின்றது. பள்ளியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு காத்திவாக்கம் போக எண்ணூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

கழிக்கரையில் அவர்கள் குடிசையில் அவள் பாயில் கிடந்தாள். கண் மேலே செருகியிருந்தது. ஒரு கை விட்டுவிட்டு இழுத்தது. மணிக்கட்டில் புதுக் கறுப்புக் கயிறு. "முகத்துவாரத்தாண்ட எதையோ பாத்து பயந்துகினு கீது டீச்சரம்மா. மந்திரிச்சும் அடங்கல" என்றாள் அவள் அம்மா. தலைமாட்டில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சாமானாம், கையை விட்டு இறக்கவே மாட்டேன் என்கிறாளாம். திறந்தேன். மண் கட்டிகள். அந்த வாசனை. பள்ளி மூடியிருந்த இரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறாள்.

எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன். இது விஷ மண், இவள் தின்பது எனக்குத் தெரியும், நானும் தின்றேன். அந்த அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள். "தெரிஞ்சிகினே ரெண்டு நாளா வாய மூடிகினு இருந்தியா? உன் வயித்துலயும் ஒரு புள்ள கீதே டீச்சர்!" அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

டோல்கேட் தாண்டும்போது பஸ்ஸிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. உடம்பு வில்லாக வளைந்தது, வாயில் நுரை. கண்டக்டர் ஒரு ஸ்டாப்பிலும் விசில் ஊதவில்லை. இறங்க வேண்டியவர்கள்கூட இறங்கவில்லை. பஸ் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அந்த வழி முழுக்க அவள் கால் என் மடியில் கிடந்து உதறியதை நான் இன்னும் மறக்கவில்லை.

டாக்டர் டப்பாவை முகர்ந்து பார்த்தார். இது இல்லாவிட்டால் மூளைக்காய்ச்சல் என்று நினைத்து அதற்குத்தான் வைத்தியம் செய்திருப்பேன் என்றார். பெண்ணை உள்ளே கொண்டு போனதும் நான் சுவரோரம் நின்றேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாதான் என் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவங்களும் துன்னுக்கீறாங்க சார். புள்ளத்தாச்சி. இவங்களயும் பாருங்க." தன் பெண் உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும்போது அவளுக்கு என் வயிற்றின் நினைப்பு வந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே அவமானமாக இருந்தது.

வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். மசக்கை என்றேன். சோதித்துவிட்டு, இப்போதைக்குக் குழந்தையின் துடிப்பு இருக்கிறது, மற்றதைப் பிறந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அப்படியென்றால் இன்னும் நாலு மாதம்.

பெண் மறுநாள் கண் திறந்தாள். நான் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியையிடமும் அதிகாரியிடமும் உண்மையைச் சொல்லி, மண் எடுத்த இடத்தைக் காட்டினேன். பிள்ளைகளை உட்கார வைத்த இடமும் அதுதான் என்றேன். அதிகாரி கரண்டியால் சுரண்டியதும் அதே சாம்பல் வெள்ளைத் தூள் தெரிந்தது. கிடங்காக இருந்த காலத்தில், கிழிந்த மூட்டைகளிலிருந்து கொட்டியதைப் பெருக்கிப் பெருக்கி அந்த மூலையில்தான் தள்ளியிருக்கிறார்கள். நான் சொல்லாவிட்டால் குழியை மூடிவிட்டு, அந்த மூலையை அப்படியே விட்டிருப்பார்கள்.

பிள்ளைகளின் அப்பாக்கள்தான் வந்து மண்ணை அள்ளினார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, அந்த மூலை முழுவதும் முழங்கால் ஆழத்துக்கு வெட்டி வண்டியில் ஏற்றினார்கள். கொண்டுபோய் உப்பங்கழியில் கொட்டிவிடலாம் என்று யாரோ சொல்ல, அந்தப் பெண்ணின் அம்மா இன்னும் பத்துப் பெண்களோடு வண்டிக்குக் குறுக்கே நின்றாள். "நாங்க கைய வுட்டு எறா புடிக்கிற தண்ணி அது. அங்க கொட்டுனா அப்பால எல்லா வூட்டு சட்டிக்கும்தான் வரும்." கடைசியில் தண்ணீருக்குத் தூரமாக ஒரு மேட்டில் செங்கல்லும் சிமெண்டும் வைத்துத் தொட்டி கட்டி, உள்ளே கொட்டி மூடினார்கள். நான் மதிலுக்கு வெளியே நின்று வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு மாதத்தை எப்படித் தள்ளினேன் என்று என்னால் சொல்ல முடியாது. பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் கையில் கொடுத்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் விரல்களைத்தான் எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன்.

திரும்ப வேலைக்குப் போனபோது அந்த மூலையில் புது மண் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் அந்தப் பெண் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து, "டீச்சர், எறும்பு வருது!" என்று கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். சிந்திய பருக்கையைச் சுற்றிப் பொடி எறும்புகள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளைப் பக்கத்தில் இழுத்து, அன்றைக்கு அதிகாரி கேட்டபோது நான் அடிப்பேன் என்று பயந்துதான் இல்லையென்று சொன்னாயா என்று கேட்டேன். அவள் எறும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்கில்ல டீச்சர். நான் சொன்னா நீங்களும் மாட்டிப்பீங்கன்னுதான்."

என் மகளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றால்கூட என் மனசு அந்த மூலைக்கு ஓடிவிடுகிறது. முதல் மழைக்கு எல்லாரும் மண்வாசனை என்று ஜன்னலைத் திறந்தால், என் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. ஆனால் அந்தப் பயத்தைவிட என்னை அதிகமாக உலுக்குவது வேறு: நான் முட்டி போட வைத்த குழந்தை என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு சாகக் கிடந்தாள். அதை நினைக்கும்போதெல்லாம், எந்தப் பிள்ளையிடமும் குரலை உயர்த்த எனக்கு வாய் எழுவதே இல்லை.