கோணல் நிலமும் இரண்டு பேட்டரியும்

வயலுக்கு மருந்து அடிக்கிற டிரோனை ஓட்டுகிறவளுக்கு வானத்தில் ஒரு கஷ்டமும் இல்லை, எல்லாம் வரப்பில்தான். என்னைப் போல் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிற சகோதரிகளுக்கு இது தெரியும்.

எறும்பு வழி

டிரோனுக்கு எறும்பு வழி காட்டும் என்று முதலில் எனக்குச் சொன்னவள் என் மகள் கலா. செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் வேலை. போன தை மாதம் லீவில் வந்திருந்தாள்.

எனக்கு அப்போது ஒரே கவலை. எங்கள் ஊர் ஏழுமலையின் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு. கோணல் நிலம், நடுவில் கிணறு, மூன்று பனை, ஒரு கரண்டு கம்பம். எங்கள் மகளிர் குழுவிடம் இருந்தது இரண்டே பேட்டரி. வழக்கம்போல் ஓட்டினால் பாதியில் தீர்ந்துவிடும். முடிக்காவிட்டால் டிரோன் சாலவாக்கம் குழுவுக்குப் போய்விடும் என்று தலைவி தனலட்சுமி சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டருக்குள் ஆயிரம் பொய் எறும்புகளை நிலத்தின் படத்தில் ஓடவிடுவார்களாம். எது குறைந்த தூரத்தில் சுற்றி வந்ததோ, அதன் வழியை மற்றதெல்லாம் பிடித்துக்கொள்ளுமாம். பத்தாவது வரை படித்தவள் நான். ஆனால் சர்க்கரை டப்பாவைத் தினமும் பார்க்கிறேனே! கலா சிரித்தாள். "உனுக்கு புரிஞ்சிடுச்சிம்மா. எங்க மேனேஜருக்குத்தான் இன்னும் புரியல." நிலத்தின் எல்லையை அனுப்பினால் அங்கிருந்தே வழி போட்டு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுச் செங்கல்பட்டுக்குத் திரும்பினாள்.

மூன்று சுற்று

ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்தால் நிலத்தின் எல்லை தானாகப் பதிவாகும். நடந்தேன். மூலையில் ஏழு கன்னிமார் கல். சும்மா தாண்டிப் போக மனசு வருமா? மூன்று சுற்று சுற்றிக் கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

திரையில் அந்த மூலை மட்டும் சிக்கிய நூல்கண்டு. கலா போனில், "எறும்புங்க எல்லாம் அங்கியே சுத்திக்கினு கீதும்மா" என்றாள். ரிமோட்டை வரப்பில் வைத்துவிட்டுக் கன்னிமாரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கல்லுக்கு இப்பாலேயே திரும்பி, முதலிலிருந்து நடந்தேன். ஏழுமலை திரையை எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, உன் மிஷினுக்கும் வேண்டுதல் கீதா?"

கடைசிப் பாத்தி

முருகனை நினைத்து பட்டனை அமுக்கினேன். கம்பத்தை விட்டு விலகி, பனைகளைத் தாண்டி, கிணற்றை ஒதுக்கி, போன இடத்துக்கே மறுபடி போகாமல் டிரோன் பறந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிறைந்தது. என் மகள் போட்ட வழியாச்சே! கடைசிப் பாத்தி முடிந்து இறங்கியபோது இரண்டாவது பேட்டரியில் இன்னும் சார்ஜ் மிச்சம்.

தனலட்சுமி வரப்பிலிருந்து கையைத் தட்டினாள். "யக்கா, டிரோன் உங்கிட்டயே இருக்கட்டும். சாலவாக்கத்துக்காரங்கள நான் பாத்துக்கறேன்."

இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, சொன்ன வழியில் போகிற பிள்ளை ஒன்று எனக்கும் கிடைத்திருக்கிறது. உங்கள் வயலுக்கு அது வருகிற அன்றைக்கு மாட்டை மட்டும் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள்.